என் எச்சிலுக்குப் போட்ட மாவிளக்கு

அக்கா,

அன்று வெங்காய மண்டியில் இருந்தது நீ, நான், நம்மோடு வெங்காயம் ஆயும் பாத்திமா, வாய் பார்க்க வந்த பல் டாக்டர் பெண். நாலே பேர். இன்று காலை பெட்டியைத் துடைக்கும்போது உன் சுருக்குப்பை கையில் பட்டது. அவிழ்த்ததும் புகையிலை நெடி. உள்ளே நாலாக மடித்த அந்தச் சீட்டு. சாமி பிரசாதம் மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறாய்!

ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சாக்கைப் பிரித்திருந்தோம். அந்தப் பெண் உன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு.

"வாயில சதை கெட ஆரம்பிச்சா, அதுக்குள்ள இருக்கற ஒரு நொதி எச்சில்ல கசியும் பாட்டி. அது எவ்ளோ வேகமா வேல செய்யுதுன்னு அளந்தா புத்துநோய்க்கு முன்னாடியே ஒரு குறிப்பு கிடைக்கும். புகையிலை போடாதவங்க எச்சிலும் வேணும், ஒப்பிட்டுப் பாக்கணும்ல" என்றாள்.

போடாதவள் நான். ஆளுக்கொரு மூடி போட்ட குழாய் கொடுத்தாள். நான் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ என்னைச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாய்.

"உனக்கு ரெண்டு குழாயாம்டி. போடாதவ எச்சில் கூடுதலா வேணுமாம்."

"எனக்கென்ன காவிரியா ஊறுது வாயில? நாக்கு வறண்டு கெடக்கு."

"ஏதாச்சும் புளிப்ப நெனச்சுக்கோ. துப்பு."

குழாயை நீயே பிடித்துக்கொண்டாய், பெயர் ஒட்டிய பக்கத்தை உள்ளங்கையில் மறைத்து. மாங்காயை நினைத்தேன். துப்பினேன். பாத்திமா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் உன் பேரில் சீட்டு வந்தது. "உங்க அளவு சாதாரணமாத்தான் இருக்கு. இத மட்டும் நம்பி விட முடியாது. திட்டு இருக்கே, ஆஸ்பத்திரிக்கு வாங்க, துளி சதை எடுத்துப் பாத்துடலாம்" என்றாள் அந்தப் பெண். நீ சீட்டை ஆட்டிக் காட்டினாய். "எச்சிலே சுத்தம்னு ஆயிடுச்சு, சதைய வேற வெட்டணுமா?" நானும் உன்னோடு சேர்ந்துகொண்டு, "எங்க அக்காவுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றேன். மறு ஞாயிறே சமயபுரத்துக்குப் போய் மாவிளக்குப் போட்டேன். என் எச்சிலுக்கு நானே மாவிளக்குப் போட்டவள், அக்கா, இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

மறு வருஷம் ரசம் பட்டாலே உனக்கு வாய் எரிந்தது. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு டாக்டரிடமும் அந்தச் சீட்டை நீட்டினேன். "போன வருசம் பாத்தாங்க சார், நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எப்படி வந்துச்சு?" என்று அழுதேன், சண்டை போட்டேன். ஒரு டாக்டரிடம், "உங்க மிசின்தான் கெட்டுப்போச்சு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். நீ கட்டிலில் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். வலி என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பாத்திமாதான் சொன்னாள். "அன்னிக்கு நீங்க ரெண்டாவது துப்புனது அக்கா பேர் ஒட்டுன குழாய்லங்க. அல்லா மேல ஆணை, வெளையாட்டுன்னு நெனச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க." அழுதாள். கொஞ்ச நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். அவளுக்கு என்ன தெரியும்?

"கன்னத்த வெட்டிட்டா எந்த மொகத்தோடடி மண்டியில உக்காருவேன்?" என்று நீ ஒருமுறை கேட்டது எனக்கு மறக்கவில்லை. பயம் யாருக்கும் வரும். குழாயைக் கீழே போட்டு உடைத்திருக்கலாம். தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் உன்னைத் திட்டியிருப்பாள். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அந்த ஒரு வழியை அடைக்க என் வாயையே எடுத்துக்கொண்டாயே.

இப்போதெல்லாம் சும்மா இருக்கும்போதும் வாயில் எச்சில் ஊறினால் எனக்கு விழுங்கப் பிடிப்பதில்லை. உன் வருஷத் திவசத்தைக் குறையில்லாமல் செய்தேன், அடுத்த வருஷமும் செய்வேன். அது வேறு.

பாத்திமாவை விட்டுவிட்டேன். அந்தப் பல் டாக்டர் பெண் மேல் ஒரு குறையும் இல்லை. மன்னிக்க மாட்டேன் என்று நான் வைத்திருப்பது ஒருத்தியைத்தான். எனக்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்தவள். செல்லம்மா.