நல்லாய்ப் பேசினவர்

திருகோணமலை
1943 ஆனி

அன்பு மகள் கோணேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. கோணேசப் பெருமான் காவலில் நாங்கள் மூன்று பேரும் சுகம், சைரன் அடிக்காத நேரங்களில் மிகவும் சுகம். நீயும் மட்டக்களப்பில் வேளைக்குச் சாப்பிட்டு, நுளம்புவலை போட்டுத் தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் நீதான் பேச வேண்டுமென்று எழுதி, பேசப்போவதையும் அனுப்பி, அப்பாவைத் திருத்தித் தரச் சொல்லியிருந்தாய். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கடற்படை டொக்யாட் கந்தோரில் பகல் முழுக்க எழுதிக் களைத்து வருகிற மனுசன், தேத்தண்ணீர்கூடக் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு, உன் மூன்று பக்கத்தை ஐந்து பக்கமாகத் திருத்திவிட்டார். நானும் வாசித்தேன். சபைக்கு வணக்கம் ஒரு பக்கம், கல்வியின் மேன்மை ஒரு பக்கம், சக்கரவர்த்தியின் வெற்றிக்கு ஒரு பிரார்த்தனை. சைரன் அடித்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது, நாலாம் பக்கத்து நீண்ட வசனம் ஒன்றின் நடுவில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால் கிடைக்கும். உன்னில் பிழை சொல்லவில்லை பிள்ளை, படித்த படிப்பு அப்படி. ஆனால் இதே மாதிரி ஒரு பேச்சை நாங்கள் போன மாதம் இங்கே கேட்டோம், அதன் பலனையும் அனுபவித்தோம், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருசம் யப்பான்காரன் குண்டு போட்டு மூடின, உன் தம்பி தவராசாவின் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்ததும், தலைமை வாத்தியார் சோமசேகரம் பெற்றோரைக் கூப்பிட்டார். ஆண்களுக்கு முன்னால் கதிரை, வாங்கு, மாலை மரியாதை. எங்களுக்கு வெளி விறாந்தை, மடியில் அழுகிற பிள்ளைகள். எங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது வாத்தியாரின் கையாட்டம் மட்டுந்தான். இருட்டினால் விளக்குக் கொளுத்தக்கூடாது என்ற சட்டம் இருந்தபடியால் ஒருவாறு முடித்தார், அந்தச் சட்டத்துக்கு அன்றைக்குத்தான் நான் மனதார நன்றி சொன்னேன். வழியில் அப்பாவிடம் என்ன சொன்னவர் என்று கேட்டேன். "நல்லாய்ப் பேசினவர்" என்றார். அதுசரி, என்ன பேசினவர் என்று திரும்பக் கேட்டேன். சபை அசையாமல் இருந்ததாம். பக்கத்து வீட்டு நல்லம்மாவும் தன் புருசனிடம் கேட்டாளாம், அவருக்கும் அதே மறுமொழி. தெருவில் உள்ள ஆண்கள் எல்லோரும் ஒரே மறுமொழியை இவ்வளவு ஒற்றுமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த கிழமை மத்தியானம் சைரன் அடித்தது. ஆண்கள் எல்லோரும் டொக்யாட்டில். நான் வடித்துக்கொண்டிருந்த சோற்றை அப்படியே குசினியில் விட்டுவிட்டு ஓடினேன், நல்லம்மா ஈரத் தலையோடு ஓடி வந்தாள், தெருவிலுள்ள தாய்மார் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடினோம். அங்கே ஒரு பிள்ளை இல்லை. சிலேட்டுகள் மட்டும் கிடந்தன. பிள்ளைகளைப் பின்வளவில் வெட்டின பதுங்கு குழிக்குள் இறக்கிவிட்டார்கள் என்பது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. மேலே பிளேன் இரைகிறது, நாங்கள் வெட்டவெளியில் நின்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கத்துகிறோம். என் குரல் கேட்டதும் தவராசா குழிக்குள் இருந்து ஏறி, பிடித்த வாத்தியாரின் கையை உதறிவிட்டு, அந்த வெளியால் என்னிடம் ஓடி வந்தான். வந்த பிளேன் நம்முடைய பக்கத்தது. யப்பான்காரனுடையதாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு விதமாக இருந்திருக்கும் மகள். நான் கத்தித்தான் தம்பி வெளியே வந்தான்.

சோமசேகரம் வாத்தியாருக்குக் கோபம். கூட்டத்திலேயே விளக்கமாகச் சொன்னாராம். சொன்னதைத் திரும்பவும் சொல்லிக் காட்டினார்: "அபாய ஒலி செவிப்படுமிடத்துப் பெற்றோர் பெருமக்கள் வித்தியாசாலை வளவை நாடுதல் தவிர்க்கற்பாலது." கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நான் சொன்னேன், "வாத்தியார், உங்களுக்குக் கை தட்டின ஆம்பிளையள் பகலில வீட்டில இல்லை. ஓடி வாறது நாங்கள். எங்களுக்குச் சொல்லுங்கோ." அவர் நல்ல மனுசன், யோசித்துவிட்டு அடுத்த வெள்ளி காலையில் பெண்களை மட்டும் கூப்பிட்டு, வாங்கில் இருத்தி, குழியையும் கொண்டுபோய்க் காட்டினார். சைரன் அடித்தால் வரவேண்டாம், பிள்ளைகள் எங்களோடு இந்தக் குழியில், ஆபத்து இல்லையென்று மறுபடி அடித்த பிறகு வாருங்கள், அவ்வளவுதான் பேச்சு. ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகவில்லை. பிறகு ஒவ்வொருத்தியையும் அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். ஒருவரும் கை தட்டவில்லை, அவருக்கு அது கொஞ்சம் மனவருத்தம்.

இப்போது தினமும் காலையில் தம்பி வாசல் படலையில் நின்று கேட்கிறான், "சைரன் அடிச்சால் வரமாட்டீங்கள்தானே அம்மா?" நானும் "ஓம் ராசா, வரமாட்டன்" என்று சொல்லி அனுப்புகிறேன். சைரன் அடித்தால் ஓடாமல் குசினியில் நிற்பது பெற்றவளுக்கு லேசான வேலையில்லை. ஆனாலும் சொல்கிறேன், அவன் உயிர் அதில் இருக்கிறது. உன் கூட்டத்துக்கு வருகிற தாய்மாரின் வாயிலும் அந்த வார்த்தையை வரவைத்துவிடு, கல்வியின் மேன்மையை யுத்தம் முடிந்த பிறகு பேசலாம்.

தெய்வம் உனக்குத் துணை நிற்கட்டும். காய்ச்சல் காலம், கொயினா குளிசையை மறவாதே. சைரன் அடித்தால் நீயும் பிள்ளைகளோடு குழிக்குள் இறங்கு, கடைசியாக இறங்குகிறேன் என்று நிற்காதே.

அன்புள்ள அம்மா,
இரத்தினேஸ்வரி

அப்பா திருத்தின ஐந்து பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அடுப்பு மூட்டக் கடதாசி இல்லையென்று எழுதியிருந்தாய்.