மாப்பிள்ளை கொடுத்த செடி

ஆடி 2, வெள்ளி

பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். ஏறி எடுத்து வந்தேன், ஓரத்தில் கிழிசல்.

செடியில் இன்றைக்கு இன்னும் ரெண்டு இலை மஞ்சள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை கார்த்திக் என் மகள் பவி கையில் கொடுத்தது. பழத்தட்டு, பூ, சேலை, இவற்றுக்கு நடுவே வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய சின்னத் தொட்டி. கல்யாணம் வரை பார்த்துக்கொள், அப்புறம் நம் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்றாராம். ஆவணியில் மகளும் போகிறாள், செடியும் போகிறது. அது உயிரோடு போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை.

என்ன செடி? வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மெல்லிசாக நீள நீளமாய் இலை, நாலு பக்கமும் வளைந்து தொங்குகிறது. பூ இல்லை, வாசனை இல்லை.

"அன்னைக்கு அவங்க பேரு, வளக்குற விதம் எல்லாம் சொல்லத்தான் செஞ்சாங்க. எனக்கு இருந்த படபடப்புல ஒண்ணும் ஏறலப்பா" என்றாள் பவி.

"இப்பம் கேளேன்."

"தெனமும் போன்ல செடி எப்படி இருக்குன்னு கேக்காங்க. சூப்பரா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமே போயி பேரு என்னன்னு கேக்கவா?"

நியாயம்தான்.

வாங்க வேண்டியது: மோட்டார் வாசர், கோமதிக்கு முட்டுவலித் தைலம், பட்டாணி.

ஆடி 4, ஞாயிறு

வெயில், காற்று, புழுதி. கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியாயிற்று. ரத வீதியில் வளையல் கடைகள் முளைத்துவிட்டன.

வீட்டம்மா கோமதி முட்டு வலிக்கிறது என்று ராத்திரி எல்லாம் புலம்பல். விடிந்ததும் கோயிலைப் பல தடவை வலம் வரும் ஆடிச்சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து அதே முட்டில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு டிவி முன்னால். தைலம் இன்னும் பிரிக்கவில்லை. இந்த ஊரில் எந்த நோவுக்கும் முதல் மருந்து கோயில் புற்றுமண்தான், மற்ற மருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

செடியைப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் சண்முகையா அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது வெட்டிவேருல்லா. கோடைக்குப் பானையில போட்டுக் குடிச்சா அவ்வளவு குளிர்ச்சி."

சம்பந்தி வீட்டுச் செடியைப் பிடுங்கிப் பானையில் போட யோசனை சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆடி 5, திங்கள்

காற்று கொஞ்சம் மட்டு.

வாசுதேவநல்லூரிலிருந்து சம்பந்தி அம்மா போன். தபசுக்கு வருகிறார்கள், மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. கோமதிக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் ஒரு வார்த்தை: "மதினி, அந்தச் செடி இருக்கா?"

கோமதி முகம் போன போக்கு. "இருக்கு மதினி, ஜம்முன்னு இருக்கு."

போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "எப்படியாவது காப்பாத்துங்க" என்றாள். "குடுத்த செடியையே வளக்கத் தெரியல, இவ வளத்த பொண்ணு எப்படி இருக்குமோன்னு நெனைக்க மாட்டாங்களா?"

சிரித்தேன். ஆனால் எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

ஆபீஸில் இலை நுனி ஒன்றைக் காட்டினேன். டைப்பிஸ்ட் அம்மா லெமன் கிராஸ் என்றார், டீயில் போடச் சொன்னார். கசக்கிப் பார்த்தேன். எலுமிச்சை வாசம் கிடையாது, வெறும் பச்சைப் புல் வாசம். இலை ஓரம் மட்டும் லேசாகச் சொரசொரப்பு. ஆக, வெட்டிவேரும் இல்லை, லெமன் கிராஸும் இல்லை. எல்லோருக்கும் இதைக் குடிக்கத்தான் ஆசை.

ஆடி 8, வியாழன்

சாயங்காலம் நாலு தூறல். மண் நனைவதற்குள் நின்றுவிட்டது.

பவி போனில் செடி கண்டுபிடிக்கும் ஆப் ஏற்றியிருக்கிறாள். ஒரு படம் எடுத்தால் ஏதோ புல் என்கிறது. பக்கவாட்டில் எடுத்தால் ஸ்பைடர் பிளான்ட். மேலிருந்து எடுத்தால் தாழை. மாறி மாறி எடுத்துப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர். போனுக்கும் சண்முகையா அண்ணாச்சிக்கும் வித்தியாசம் இல்லை, போன் காப்பி கேட்காது.

இலை மஞ்சள் ஏறிக்கொண்டே போகிறது. குளிக்கப் போகும்போது ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன்.

ஆடி 9, வெள்ளி

மறக்கக் கூடாத நாள்.

காலையில் நான் செம்போடு போனால் அங்கே ஏற்கெனவே ஈரம். கோமதி வாசல் தெளித்துவிட்டு வந்து ஊற்றுகிறாளாம். பவி பாங்க் விட்டு வந்ததும் ஊற்றுகிறாளாம். நான் ஊற்றுவது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் ஊற்றுவது எனக்குத் தெரியாது. மூன்று பேரும் திருடர் மாதிரி முழித்தோம்.

அப்போதுதான் தோன்றியது. "கோமதி, இது வந்தப்பம் எப்படி இருந்துச்சு? நான் தாளோடதான பாத்தேன்."

"தாளைப் பிரிச்சா, அடியில வெங்காயம் மாரி உருண்டையா வெளிய தெரிஞ்சுது. வேரு வெளிய கெடக்கேன்னு பாவமா இருந்துச்சு. அதான் மூடி வச்சேன்."

"எதை வச்சு?"

"புத்துமண்ணுதான். நல்ல மண்ணுல்லா."

செடி வாடியதும் இன்னும் ஒரு கை, அப்புறம் இன்னும் ஒரு கை. அம்மன் காப்பாற்றுவாள் என்று. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். பவி அடக்கவே இல்லை.

கரண்டிக் காம்பால் பதமாக விலக்கினேன். கோமதி பக்கத்திலேயே தாம்பாளத்தை ஏந்தி நின்றாள், புற்றுமண் கால் மிதிபடும் இடத்தில் விழக் கூடாது. ஒரு துகள்கூடக் கீழே சிந்தவில்லை. எல்லாம் நந்தியாவட்டைச் செடியின் அடிக்குப் போனது. உள்ளே பெரிய வெங்காயம் அளவுக்குப் பழுப்பு உருண்டை, மேல்தோல் கொஞ்சம் வெடித்து. பயந்துகொண்டே அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. அப்பாடா.

பவி படம் எடுத்தாள். இப்போது ஆப் யோசிக்கவே இல்லை: போனிடெயில் பாம். சின்னக் கன்று. பெயரில்தான் பனை, பனை இனம் இல்லையாம். மெக்சிகோவாம். தண்ணீரை அந்த உருண்டையில்தான் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அதை மண்ணுக்கு மேலே விட வேண்டும், மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

உருண்டையை மூடிவிட்டு வெறும் இலையைக் காட்டினால் அந்த ஆப்தான் என்ன செய்யும். அண்ணாச்சியிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஈரமண்ணை மாற்றி, மணல் கலந்து வைத்தாயிற்று. மஞ்சள் இலைகளை வெட்டியதில் செடி பாதி மொட்டை. தபசுக்குள் தேறாது.

ஆடி 12, திங்கள். தபசு

ஊரே கூட்டம். பால் வாங்கப் போய்ப் பாதி வழியில் திரும்பினேன்.

சம்பந்தி அம்மா வந்தார். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "செடி எங்கன?" நேரே பின்கட்டு. கோமதி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். பவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

குனிந்து பார்த்தார். உருண்டையைத் தொட்டார்.

"பரவால்லியே, உயிரோட வச்சிருக்கீங்களே" என்றார். "எங்க வீட்ல இதுல ரெண்டு செத்துப்போச்சு அண்ணே. ரெண்டும் நாந்தான். கார்த்திக் ஊத்தாத ஊத்தாதன்னு தலையால அடிச்சுக்கிடுவான். வாடிப்போயி நிக்கத பாத்தா எனக்கு மனசு கேக்காது. இதை வாங்கி எங்க வீட்டு வாசப்படிகூட ஏத்தல அவன். நேரா உங்க மக கையில."

கோமதி என் சட்டையை விட்டாள். அதற்கு மேல் அவளுக்கும் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூன்று பேர் தண்ணீர், புற்றுமண், தாம்பாளம், எல்லாம்.

சம்பந்தி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மதினி, நானும் அதான் போட்டேன். போன தபசுக்கு வாங்கிட்டுப் போன மண்ணு."

ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பவி எட்டிப் பார்த்து, பயந்து, அப்புறம் அவளும். எத்தனையோ நாளாக நெஞ்சில் இருந்த ஒன்று இறங்கியது எனக்கு. நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம்.

சாப்பாட்டில் அவியல் கொஞ்சம் உப்பு. யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சம்பந்தி அம்மா, "பவியை அனுப்புங்க. செடி இங்கனயே இருக்கட்டும் அண்ணே. என் கை சும்மா இருக்காது" என்றார். சரி என்றேன். காற்றுத் தூசி என்று கண்ணைத் துடைத்தேன். பவிக்குத் தெரியும், தூசி இல்லை.

மதினிமார் ரெண்டு பேரும் கோயில் பக்கம் இறங்கிப் போனார்கள். புதுசாகப் புற்றுமண் வாங்க வேண்டுமாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆடி 13, செவ்வாய்

காற்று. தெருவெல்லாம் பருத்தியும் மிளகாயும், நேற்று அம்மனுக்குத் தபசுக் காட்சி நடந்தபோது விவசாயிகள் நேர்ந்துகொண்டு வீசியது.

செடி நடுவில் ஊசி மாதிரி ஒரு புது இலை. மாப்பிள்ளைக்குப் பவி படம் அனுப்பினாள், உருண்டையோடு.

மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று திரும்பினால், பின்னால் கோமதி. கையில் செம்பு.