டேங்க் குளியலறையில் இருக்கிறது

என்னங்க,

நீங்கள் வரச்சொன்ன பழைய இரும்புக்காரர் வந்தால், வண்டியை விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். வண்டியில் பெட்ரோல் டேங்கைக் காணோமே என்று பதற வேண்டாம். நேற்று நீங்கள் கோபித்துக்கொண்டு நடக்கப் போனபோது எதிர்வீட்டு மெக்கானிக்கைக் கழற்றித் தரச் சொன்னேன். துருவை உரசி எடுக்க உள்ளே வினிகரும் ஒரு பிடி இரும்பு நட்டும் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

"டேங்க் முழுக்கத் துரு, இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்று கேட்டீர்களே, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு மேல்பாதியில்தான். பாதிக்கு மேல் நாம் என்றைக்குப் பெட்ரோல் ஊற்றினோம்? நடுரோட்டில் நின்றுவிடும். "இறங்கும்மா, இன்னும் ஒரு வாய் இருக்கு" என்று வண்டியைச் சாய்ப்பீர்கள். இடுப்பில் மகளோடு நான் ஓரமாக நிற்பேன். அந்த ஒரு வாயில்தான் எத்தனை முறை வீடு வந்து சேர்ந்திருக்கிறோம்.

டேங்கைப் போர்வையில் சுற்றி, அழுத மகளை ஆட்டியதுபோல் ஆட்டுங்கள். முதுகு வலித்தால் விட்டுவிடுங்கள். அழுக்கைக் கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மெக்கானிக் வந்து மாட்டித் தருவார். இன்றைக்கே பெட்ரோல் ஊற்றிவிட வேண்டுமாம். வெறும் டேங்க் மறுபடி துருப்பிடிக்கும்.

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. கோபத்தை அதில் காட்டாதீர்கள்.

மறந்துவிட்டேன்: மகள் வீட்டிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வண்டியிலேயே வாருங்கள். வழியில் நின்றால் நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் சாய்த்துக்கொள்ளுங்கள்.