நான் அறுத்த கயிறு

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறைய.

எடுத்துக்கொண்டவை: பெட்ரோல், தொப்பி, துண்டு, தலைவலி மாத்திரை. பட்டாசு எதுவும் இல்லை. இன்று ஒத்திகை மட்டும்.

தண்ணீர் மேல் மிதக்க விட்டுக் கொளுத்தும் பூச்சட்டி, இந்த சீசனுக்குப் புது ஐட்டம். ஏஜெண்டுகளுக்குக் காட்ட வீடியோ எடுக்க வேண்டும். படகு, எங்கள் முதலாளியின் தூத்துக்குடி சம்பந்தியுடையது. கொண்டுவந்த மெக்கானிக் சேவியர் இரண்டு நாள் ஓட்டிக் காட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். "இனி யாரு ஓட்டுறது?" என்று முதலாளி கேட்டார். கையைத் தூக்கியது நான்தான். பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்கு எதற்கு இந்த வேலை? வீட்டில் செல்வியும் இதையேதான் கேட்டாள்.

மூன்று மணிக்கு அடியில் எதுவோ மாட்டியது. படகு நின்றுவிட்டது. மீன் பிடிக்கும் மாடசாமியின் வலைக் கயிறாக இருக்கும். முதலாளியிடம் அப்படித்தான் சொன்னேன்.

நெற்றியில் வீக்கம். செல்வி மஞ்சள் பற்றுப் போட்டாள். சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 21, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

நேற்று எழுதியது பொய். யாரும் படிக்காத டைரியில் யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை. அதை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

நடந்தது இதுதான். அணையின் வடக்குக் கரை ஓரம் ஒரு வெள்ளை எண்ணெய்க் கேன் மிதந்தது. அடியில் பழைய பம்புசெட் கிணறு. அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே தோட்டம் இருந்ததாம். தண்ணீர் ஏறினால் கிணற்றின் கைப்பிடிச் சுவர் தெரியாது, முழங்கால் ஆழத்தில் கிடக்கும். அதற்கு அடையாளமாக மாடசாமி கட்டி வைத்த கேன் அது. முதல் நாளே எங்களிடம் சொன்னான். "அங்கன கிணறு கெடக்கு அண்ணாச்சி, கேனைத் தாண்டி வந்துராதீக." நான் தலையாட்டினேன். தலையாட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நேற்று கேமராக்காரர் கரையிலிருந்து போனில், "சார், அந்த வெள்ளைக் கேன் ஃப்ரேமில் அசிங்கமா விழுது" என்றார். கிட்டே போய்க் கயிற்றை அறுத்துக் கேனை சீட்டுக்கு அடியில் போட்டேன். மூன்று ரவுண்டுதானே, இடம்தான் தெரியுமே என்று நினைப்பு. கரையிலிருந்து மாடசாமி ஏதோ கத்தினான். நானும் கையை ஆட்டினேன். ஏதோ வழியனுப்பி வைக்கிறான் என்பது போல.

இரண்டாவது ரவுண்டில் திரும்பும்போது இடம் தெரியவில்லை. கேன் இல்லாத தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. வேகம் வேறு. டங் என்று ஒரு சத்தம், படகின் பின்பக்கம் தூக்கிப் போட்டது, கம்பியில் நெற்றி மோதியது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். "எதுலயாவது இடிச்சா அந்த நிமிசமே இஞ்சினை நிறுத்திருங்க, துடுப்புப் போட்டுக் கரைக்கு வாங்க" என்று சேவியர் இரண்டு தடவை சொல்லியிருந்தான். நிறுத்தவில்லை. கரையில் கேமராக்காரர், முதலாளி, நாலைந்து ஆட்கள். அவர்கள் முன்னால் துடுப்புப் போட வெட்கம். தடதடவென்று ஆடிக்கொண்டே கரை வரை ஓட்டினேன். பாதி வழியில் இஞ்சின் மட்டும் உறுமியது, படகு நகரவில்லை. கடைசியில் துடுப்புத்தான்.

இன்று காலை முதலாளியின் ஆட்கள் மாடசாமியின் பரிசலையும் வலையையும் தூக்கிக்கொண்டுவந்து லாரி ஷெட்டில் போட்டுவிட்டார்கள். "படகு சரியாகட்டும், அப்புறம் பேசிக்கிடலாம்" என்றாராம் முதலாளி. சம்பந்தி முன்னால் அவருக்குத் தலைகுனிவு. எனக்குத் தெரியும். எதுவும் சொல்லவில்லை.

கம்பெனியில்: 14-ஆம் நம்பர் பேச்சியம்மாள், திரி வைக்கும் அறை, காலையிலிருந்து நாலு தடவை குழாயடிக்குப் போய்விட்டாள். அறையை விட்டு அடிக்கடி வெளியே வரக்கூடாது என்பது சட்டம். அதற்குத்தான் ஆளுக்கொரு தண்ணீர்க் கேன். நிறுத்திக் கேட்டேன்.

"கேன் எங்க?"

"இல்லைங்கய்யா. வீட்டுல வேற சோலிக்கு எடுத்துக்கிட்டாக."

"நாளைக்குக் கொண்டு வரணும்."

"சரிங்கய்யா."

ஜனவரி 22, வியாழன்

வெயில். முதலாளி சூலக்கரையில் ஏதோ ஆபீஸ் வேலை. நல்லதாகப் போயிற்று.

டிராக்டர் வைத்துப் படகைக் கரையேற்றினோம். சேவியர் தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். இந்தப் படகில் இஞ்சின் உள்ளே, பின்பலகைக்கு வெளியே ஒரு கால் மாதிரி இறங்கி, அதன் நுனியில் விசிறி. சேவியர் அதைக் கால் என்றுதான் சொல்கிறான். "காலை ஒடிச்சிட்டீகளே அண்ணாச்சி" என்றான். சிரித்துக்கொண்டுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசிறியில் மூன்று இதழ். ஒன்று சுருண்டுவிட்டது, ஒன்றில் ஓரம் பிய்ந்து போயிருக்கிறது, மூன்றாவதில் கீறல். காலுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீண்டிருக்கும் பகுதி பாதி இல்லை. உடைந்த இடத்திலிருந்து மேலே ஒரு விரிசல். கியர் எண்ணெயைத் திறந்துவிட்டான், பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது.

பிறகு விசிறியைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் தண்டின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னான். ஒரு பக்கம் பென்சிலைத் தொட்டது, மறுபக்கம் விலகியது. தண்டும் வளைந்துவிட்டது. "இடிச்ச உடனே நிறுத்தியிருந்தா விசிறியோட போயிருக்கும். தண்ணி உள்ள போன பெறகும் ஓடியிருக்கு. கியர் பல்லெல்லாம் தின்னுருக்கும்."

சுருண்ட இதழைத் தடவியவன் விரலை என்னிடம் நீட்டினான். வெள்ளையாக மாவு மாதிரி.

"இது வலை இல்லை. வலைன்னா தண்டுல சுத்திக் கெடக்கும். இது காரை. கட்டுன சுவரு."

வாய் கூசாமல் கேட்டேன். ரிப்போர்ட்டில் வலை என்று எழுத முடியுமா?

சேவியர் துணியில் கையைத் துடைத்தான். "என்ன கெட்டுச்சுன்னு எழுதுவேன். எதால கெட்டுச்சுன்னு எழுத மாட்டேன். அது உங்க பாடு."

என்னைவிடப் பத்து வயது சின்னவன். அதன் பிறகு அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. சார் என்றான்.

சீட்டுக்கு அடியிலிருந்த வெள்ளைக் கேனைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திருடன் மாதிரி. மோட்டார் ரூமில் இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

பனி அதிகம். கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் பாதுகாப்புப் பேச்சு என் பொறுப்பு. நாற்பது பெண்கள். தீப்பெட்டி, போன், கொலுசு எல்லாம் வெளியே. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போக வேண்டும். வழக்கமானதுதான். கடைசியில் எப்போதும் சொல்லும் வரி: "சிவப்புக் கொடி வச்ச எடத்துல கொடிய எவளும் அசைக்கக் கூடாது. இடைஞ்சலா இருக்குன்னு தூக்கி ஓரமா வச்சேன்னு சொன்னா, அன்னைக்கே வீட்டுக்கு." போன மாதம் ஒருத்தியை அப்படித்தான் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினேன். அழுதாள். விடவில்லை.

இன்று அந்த வரி பாதியில் நின்றுவிட்டது. இருமுகிற மாதிரி சமாளித்தேன்.

பேச்சியம்மாள் இன்றும் கேன் இல்லாமல் வந்தாள். இன்றும் குழாயடி. கோபம் வந்துவிட்டது. யார் மேல் கோபம் என்று இப்போது தெரிகிறது. மெமோ எழுதிக் கையெழுத்து வாங்கினேன். போட்டுவிட்டுத் திரி அறைக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரம். வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் இருப்பது தெரியாது.

"பாவம், அவ வீட்டுக்காரர் பரிசலைத்தான புடிச்சு வச்சிருக்காக. மூணு நாளா மீனு இல்ல."

"அந்தாளு பாத்திருக்காருல்ல, இவரு கயித்த அறுத்தத? சொல்ல வேண்டியதுதான?"

"எப்பிடிச் சொல்வாரு. இவ இவருக்குக் கீழதான வேலை பாக்கா."

பேச்சியம்மாள் மாடசாமியின் மனைவி. ஆறு வருஷமாக என் அறையில் திரி வைக்கிறாள். எனக்கு அவள் 14-ஆம் நம்பர்.

தயிர் சாதத்தை நாய்க்கு வைத்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

காலை பத்து மணி, முதலாளி ஆபீஸ். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாம் சொன்னேன். கேன், கயிறு, கிணறு, நிறுத்தாமல் ஓட்டியது, சேவியரிடம் கேட்டது வரை.

காலண்டர் ப்ரூப் ஒன்றைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் தங்கராசு, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

ப்ரூப்பை மூடி வைத்தார்.

"பரிசலையும் வலையையும் இன்னைக்கே கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுதேன். ஆனா சம்பந்திகிட்ட வலைன்னு சொல்லியாச்சு. அது வலையாவே இருக்கட்டும். நம்ம ஆளுதான் இடிச்சான்னா எனக்குக் கேவலம். வெளிய மூச்சு விடாத, என்ன?"

தலையாட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் அதே தலை, அதே ஆட்டல்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஊரில் இன்னமும் மாடசாமி வலைதான் படகை உடைத்தது.

வீட்டில் சொன்னேன். செல்வி கடைசி வரை கேட்டுவிட்டு, "அவுககிட்ட போய்ச் சொன்னீகளா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப யாருகிட்டச் சொல்லி என்ன" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

காற்று இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

வெள்ளைக் கேன், பத்து முழம் புது நைலான் கயிறு. வண்டியில் ஆனைக்குட்டம். மாடசாமி கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிப் போட்டதில் ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்க அண்ணாச்சி."

திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். தப்பு என்னுது, பழியை உன் மேல விழவிட்டது அதைவிடத் தப்பு என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தான நின்னேன்" என்றான். அவ்வளவுதான்.

கேனை நானே கட்டுகிறேன் என்றேன். கிழிசலுக்கு மேல் தாரைப் பூசி, என்னைப் பரிசலில் ஏற்றிக்கொண்டான். வடக்குக் கரை ஓரம் ஏற்கெனவே ஏதோ நீலமாக மிதந்தது.

"அது என்ன?"

"அன்னைக்கு நீங்க போனதும் கட்டிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே. நீங்க மறுநா வீடியோ எடுக்க வருவீகன்னு நெனச்சேன். மறுபடி இடிச்சிட்டா? வேற கேன் கையில இல்ல, வீட்டுல கெடந்தத எடுத்துக்கிட்டு வந்தேன். இப்பதான் வெள்ளைக் கேன் வந்துருச்சே, அந்த நீலத்த அவுத்துக் குடுங்க. நாளைக்குக் குடியரசு தின லீவு, செவ்வாக்கெழம அவ வேலைக்குக் கொண்டு போகணும்."

பரிசலை ஓட்டி நிறுத்தினான். கையைத் தண்ணீருக்குள் விட்டேன். சுவர் விரலில் பட்டது. நான் உடைத்த இடம் சொரசொரவென்று இருந்தது. வெள்ளைக் கேனைக் கட்டினேன். என் முடிச்சு நிற்கவில்லை, அவன் அவிழ்த்து மறுபடி போட்டான்.

நீலக் கேனை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். பாசி லேசாகப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் 14. கம்பெனியில் எல்லாக் கேனுக்கும் நம்பர் போட்டது நான்தான். என் கையெழுத்து.

இந்தக் கேன் எங்கே என்று கேட்டுத்தான் அவளுக்கு மெமோ கொடுத்தேன்.