மூத்தாளுக்கு மாட்டிய செயின்

என் அன்புக்குரிய அவருக்கு,

இங்கே நானும் மாமாவும் கொட்டகையில் உங்கள் மூத்தாளும் நலம். மகன் எழுதினானா என்று மாமா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறார். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்தில் உங்கள் எழுத்தே இளைத்திருந்தது.

கோபப்படாமல் படியுங்கள். செயின் தேய்ந்து நழுவுகிறது என்று புல்டோசரைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடச் சொன்னீர்கள். விற்ற சேதி கிடைத்ததும் அங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாகவும் எழுதினீர்கள். நான் அவளைக் கொடுக்கவில்லை. எனக்கு முன்பே உங்கள் கையைப் பிடித்தவள். சக்களத்தியாகவே இருந்தாலும் எடைக்குப் போட மனசு வரவில்லை.

உங்கள் நண்பர் வெல்டரைக் கூப்பிட்டேன். ஊரே 'அவசரம்' என்று அழைக்கும் அதே ஆள்தான். சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்த இரும்புச் செயினைக் கழற்றிப் பார்த்தவர், "தங்கச்சி, கண்ணியைக் கோக்கிற பின்னும் அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷும் ஒரு பக்கந்தான் தேஞ்சிருக்கு. அரை வட்டம் திருப்பிப் போட்டா மறுபக்கம் புதுசு மாதிரி" என்றார். இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மனசு விட்டுப்போனால் தெரிந்ததும் மறந்துபோகும். பட்டறையில் அழுத்தித் தள்ளும் பிரஸ்ஸில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பினார்கள். செயின்மேல் உருளும் தேய்ந்த ரோலர்களை வெல்டிங் வைத்து மேடாக்கி லேத்தில் கடைந்தார்கள். நானும் கிரீஸ் பூசினேன். இரண்டு நாள் மாமா சாப்பாட்டை முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைத்தார்.

அப்புறம்தான் கூத்து. செயினை மாட்டி எல்லோரும் கை கழுவின பிறகு சுற்றி வந்து பார்த்தேன். இடப்பக்கக் கண்ணிகள் ஒரு திசை பார்க்கின்றன, வலப்பக்கக் கண்ணிகள் எதிர்த்திசை பார்க்கின்றன. ஒன்றைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். எதை? அவசரம் வலது என்றார், மாமா இடது என்றார். இருவரும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

அலமாரியில் இருக்கும் படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளை வாங்கின அன்று செயின்மேல் ஒரு காலை வைத்து நின்றீர்களே, அந்தப் படம். மாமா பேப்பர் படிக்கும் லென்ஸை வைத்து ஆளுக்கு ஆள் உங்கள் செருப்புக்குக் கீழே உற்றுப் பார்த்தார்கள். தப்பு வலதுதான்; அதைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். படம் எடுத்தவன் சரியில்லை என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் லென்ஸைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். அப்பப்பா, என்ன சிரிப்பு! நம் கல்யாணப் படத்தில்கூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. லென்ஸை நனைத்ததற்கு மாமாவிடம் திட்டும் வாங்கினேன்.

நேற்றுக் காலை ஓட்டிப் பார்த்தோம். அவசரம் பின்னால் எடுத்த வேகத்தில் கொடிக்கம்பு சாய்ந்து, நான் மாதாமாதம் துவைத்து உலர்த்தும் உங்கள் இரண்டு சட்டைகளும் மண்ணில் விழுந்தன. ஆனால் மண்மேட்டில் ஏறி இறங்கியும் செயின் நழுவவில்லை! பள்ளிக்கூட மைதானத்தைச் சமன்செய்ய உடனே வந்து கேட்டார்கள். ஓட்டுகிறவர் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. பின்னை ஒரு தடவைதான் திருப்ப முடியும். இந்தப் பக்கமும் தேய்ந்தால் அவ்வளவுதான். இரண்டு வருஷம் தாங்கும் என்கிறார் அவசரம். நீங்கள் அங்கே எழுதிக் கொடுக்கப் போவதும் அதே இரண்டு வருஷம்தான். அதை இங்கே இவளோடு கழியுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். வந்து, அவளைப் பார்த்தே அந்தச் சிரிப்பைச் சிரியுங்கள். நான் பொறாமைப்பட மாட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

சட்டைகளை மறுபடி துவைத்து மடித்து வைத்திருக்கும்,
உங்கள் இளையாள்