மாதாவுக்கு அகாதாவின் முகம்

பிப்ரவரி 9, திங்கள்

துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் அகாதா மகனைத் திட்டுவது கேட்டது. "எந்திரிடா. வெயில் மூஞ்சில அடிக்குது, இன்னும் என்ன தூக்கம்?" பெதேலோ ஏதோ முனகினான். அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. திட்டுவதற்கு அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறான்.

என் பிள்ளை மிகேலே வாசலில் கல்லறைச் சிமெண்டுக்குக் கீழே இருக்கிறான்; எங்கள் தீவில் வீட்டு வாசலில்தான் அடக்கம். நவம்பரில் பெதேலோ குடித்துவிட்டு வண்டி ஓட்டினான். மிகேலே பின்னால் உட்கார்ந்திருந்தான். பாலத்தில் கவிழ்ந்தது. பெதேலோவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. தோள் மட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்ததும் சாமியார் சொன்னார், பீடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய படம் வரப்போகிறதாம். இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் மாதா. பெரிய வெள்ளிக்குள் முடித்துவிடுவார்களாம். ஆக்லாந்தில் சித்திரம் படித்து வந்த விலியாமு வரைகிறான். நம் ஊர் முகங்களைத்தான் வரைவானாம்.

மாதாவின் முகத்துக்கு யாரைக் கூப்பிட்டிருக்கிறான் என்று அண்ணிதான் சாப்பிடும்போது சொன்னாள். அகாதாவை. "மாதாவுக்கு அவ்வளவு பெரிய மூக்கா?" என்று அண்ணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சேம்பைத் தட்டோடு நகர்த்தி வைத்தேன்.

மகனைப் பறிகொடுத்தவள் நான். முகம் அவளுடையதா?

பிப்ரவரி 16

விலியாமுவையே கேட்டேன். கூச்சப்பட்டான். "அன்னிக்கு விடியக்கால பாய விலக்குனப்ப அவங்க மூஞ்சியப் பார்த்தேன், தெலேசியா அக்கா. அப்புறம் அது கண்ண விட்டுப் போகல" என்றான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அது. அகாதா வீட்டார் இருட்டிலேயே வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், தங்கள் குடும்பச் சொத்தான மெல்லிய பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு. நாங்கள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். பாதிக்கப்பட்டவர்கள் வந்து பாயை விலக்க வேண்டும். விலக்காவிட்டால் வெயிலோ மழையோ அப்படியே இருப்பார்கள். குடும்பத் தலைவர் என்று அண்ணன் போய் விலக்கினார். எல்லோரும் அழுதார்களாம், கட்டிக்கொண்டார்களாம். நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

என் முகத்தை யார் பார்த்தார்கள்? யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

அகாதா நெற்றியில் சாம்பல்கூட அழகாக விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 26

விலியாமு வந்தான். படத்தில் இயேசுவின் உடம்பைத் துணியால் மூடாமல் நம் மெல்லிய பாயால் மூடப்போகிறானாம். ஊரிலேயே நல்ல பாய் என்னிடம்தான் இருக்கிறது. அகாதா வீட்டார் அன்று விட்டுப்போனது. மெத்தைக்கு அடியில் விரித்து அதன்மேல்தான் தினமும் படுக்கிறேன். தூக்கமா வருகிறது?

தர மாட்டேன் என்றேன். போய்விட்டான்.

மார்ச் 3

இயேசுவாகப் படுக்க ஒரு பையனும் வரவில்லையாம். செத்தவன் மாதிரி படுத்தால் ஆகாது என்று தாய்மார்கள் விடவில்லை. கடைசியில் பெதேலோ தானே போய்ப் படுத்தானாம். அகாதா மடியில். அவள் மகன், அவள் மடி!

மாதாவே, உன்னை ஒன்று கேட்கிறேன். யூதாசுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள் அல்லவா? அவள் தண்ணீர் எடுக்க வந்தபோது நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய்?

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியம் பாயை உருவிக்கொண்டு கோவில் கூடத்துக்குப் போனேன். கொடுக்கவா கத்தவா, எனக்கே தெரியாது. அகாதா உட்கார்ந்திருந்தாள். பெதேலோ சட்டையில்லாமல், தலை அவள் மடியில். தோளில் தழும்பு. அவள் விரல் அவன் தலைமுடிக்குள் இருந்தது. படத்துக்காக இல்லை, சும்மா, பழக்கத்தில் கோதிக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன வந்ததோ. "இந்தா, உங்க பாய நீங்களே வச்சுக்கோங்க" என்று இரண்டு பேர் தலைமேலும் வீசிவிட்டேன்.

அவர்கள் எடுக்கவில்லை. பாய்க்கு அடியில் அகாதா தலை மெல்லக் குனிந்தது. பெதேலோ எழுந்து முழங்காலில் உட்கார்ந்தான். விலியாமு தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நான் என்ன செய்தேன்? கோபத்தில் போட்டாலும் பாய் பாய்தானே.

வீட்டுக்கு வந்து சீமைப்பலா உரித்தேன். அண்ணி ஓடிவந்தாள். "இன்னும் அப்படியேதான் இருக்காங்க. பையன் ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கல." அண்ணன் வந்தார். "நான் போய் எடுத்துடவா?" என்றார். "நீ ஒரு தடவ எடுத்தது போதும்ணே" என்றேன். அவர் ஒரு சீமைப்பலாவை எடுத்து உரிக்க உட்கார்ந்தார்.

சாயங்கால ஜெப மணி அடித்த பிறகு கிளம்பினேன். அந்த நேரத்தில் ரோட்டில் யாரும் நடக்கக் கூடாது. காவல் நின்ற கிழவர் கையை நீட்டி மறித்தார். "அபராதம் போடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எல்லா வீட்டிலும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாயை விலக்கினேன். உள்ளே வெக்கை. அகாதா முகம் வேர்வையும் கண்ணீருமாக வீங்கியிருந்தது. மூக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பெதேலோ என்னைப் பார்க்கவில்லை.

"உன் புள்ளயப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றேன்.

"தெரியும்கா" என்றாள். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவன் சோத்துத் தட்டோட முன்னால வந்து உக்காரும்போதெல்லாம் உன் வீட்டுல காலியாக் கெடக்குற தட்டுதான்கா ஞாபகம் வருது. படத்துக்கு நீயே உக்காரு. நான் சொல்லிடறேன்."

"உக்காந்துட்டு மடில யார வைக்கிறது?" என்றேன்.

நான்தான் பாயை மடித்தேன். ஒரு முனையை அகாதா பிடித்துக்கொண்டாள். தனியாக மடிக்க முடியாது, பெரிய பாய்.

மார்ச் 6

தூங்கியிருக்கிறேன். பாய் கூடத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

படத்தை மாட்டிவிட்டார்கள். மாதாவுக்கு அகாதா முகம்தான். அழகாகத்தான் இருக்கிறாள். வயிறு எரியத்தான் செய்கிறது. பொய் எழுத மாட்டேன்.

ஓரத்தில் பாயின் நுனியைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் வரைந்திருக்கிறான். கட்டைவிரலில் தீக்காயத் தழும்பு. என் கை. மூடுகிறதா விலக்குகிறதா என்று பின் வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் எழுந்து வந்தால் பெதேலோ வாசலில் குந்தி உட்கார்ந்து மிகேலே கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் திட்டுத்திட்டாக, புல்லெல்லாம் சுண்ணாம்பு.

"கண்ண எங்கடா வச்சிருக்க, சோம்பேறி? அந்த மூலைய யாரு உங்கப்பனா அடிப்பான்?" என்று திட்டினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மூலையை மறுபடி அடித்தான்.