ஐஸ் மைதானத்துச் சத்தம்

ஸ்ட்ரெதம்,
மாசி 1991

அன்புள்ள தவம்,

நீரும் மகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். எனக்கொரு குறையுமில்லை. நெற்றியில் சின்னக் காயம், ஆறிவிட்டது.

நான் துப்புரவு செய்யும் ஐஸ் மைதானத்தில் ஃபிராங்க் என்றொரு கனடாக்காரர். இருபது வருடம் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடிக் கோல் காத்தவர். இப்போது ஐஸ் வழிக்கும் மெஷின் ஓட்டுகிறார். ஞாயிறு ஆட்டத்தில் கோல் காக்கிற பெடியனுக்குக் கை முறிய, ஐம்பத்திரண்டு வயதில் இவரே இறங்கினார். அவருக்கு விரல்கள் மடங்காததால் கால்பட்டிகளை நான்தான் கட்டிவிட்டேன்.

முதல் அடியிலேயே, பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வில்லை ஓரப் பலகையில் படீரென்று மோதியது. ஊரில் பொம்பர் குண்டு போட்டதுபோல் இருக்க, ஓரத்தில் நின்ற நான் குப்புற விழுந்து கிடந்தேன். காயம் அப்படித்தான். சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த அடியை நெஞ்சில் வாங்கினார்.

பட்டியை அவிழ்க்கும்போது சொன்னார்: “நீ செய்ததுதான் சரி. நிற்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள்.” கதவை அடித்துச் சாத்தினால் இன்றைக்கும் அவர் கை தானாக உயருமாம்.

மகளின் பாதத்தைக் கடதாசியில் வரைந்து அனுப்பும். சப்பாத்து வாங்கவேணும்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. பொம்பர் வந்தால் நீர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பீர், எனக்குத் தெரியும். பிள்ளையோடு பங்கருக்குள் போய்ப் படும். நிற்கச் சொல்லி உமக்கு ஒருவரும் சம்பளம் தரவில்லை.

உம்முடைய
யோகராஜா